நிறத்தை நம்பாத கேபிள்: கையடக்க வீடியோ பிளேயரைப் பழைய டி.வி.யுடன் இணைத்த அனுபவம்

இணைக்க வேண்டியிருந்தவை இரண்டு பொருள்கள். ஒன்று, 4.3 அங்குலத் திரையும் 480க்கு 272 புள்ளிகளும் கொண்ட, தயாரித்தவர் பெயர் எங்கும் அச்சிடப்படாத ஒரு கையடக்க மீடியா பிளேயர். கடைக்காரர்கள் எம்பி4 அல்லது எம்பி5 பிளேயர் என்று சொல்லி விற்ற வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 21 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி. பிளேயரின் மெனுவில் ‘டி.வி. அவுட்’ என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் அதற்கெனத் தனித் துளை கிடையாது. இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளையே படத்தையும் ஒலியையும் வெளியே அனுப்பியாக வேண்டும். இந்த வேலையின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு துளைக்குள்தான் இருந்தது.

பிளேயரில் இருந்தவை குடும்பத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கேம்கார்டரில் பிடித்த பொறாட்டு நாடகப் பதிவுகள். பாலக்காட்டுப் பகுதிக்கே உரிய இந்த ஆட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள் வரும். சோத்யக்காரன் கேள்வி கேட்க, குறவனும் குறத்தியும் மறுமொழி சொல்ல, விடிய விடிய நடக்கும். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டதால், பிளேயருக்கென்று சுருக்கி மாற்றி வைத்திருந்த கோப்புகள் மட்டுமே மிஞ்சின. உள்ளங்கை அளவுத் திரையில் அப்புச்சியால் அவற்றைப் பார்க்க முடியாது. “சத்தம் நல்லா வந்தாப் போதுங் கண்ணு, ஆளை நான் குரல வெச்சே கண்டுபிடிச்சுக்குவேன்” என்று அவர் சொல்லிவிட்டதால், படத்தைவிட ஒலிக்கே முதலிடம் கொடுத்து வேலையைத் தொடங்கினேன்.

பொள்ளாச்சியில் ஒரு கடையில் ஏ.வி. கேபிள், அதாவது ஒலியையும் படத்தையும் சேர்த்துக் கடத்தும் கேபிள் வாங்கினேன். ஒரு முனையில் மூன்று கறுப்புக் கோடுகளால் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட 3.5 மில்லிமீட்டர் பின்னும், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று ஆர்.சி.ஏ. பின்களும் இருக்கும் வழக்கமான கேபிள்தான் அது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு என்பது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட முறை. ஆனால் அந்த ஒப்பந்தம் ஆர்.சி.ஏ. முனைக்கு மட்டுமே பொருந்தும், 3.5 மில்லிமீட்டர் முனையில் எந்த வளையத்தில் எது வர வேண்டும் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் வசதிப்படி வைத்துக்கொண்டனர். நிறத்தோடு நிறத்தைப் பொருத்திச் செருகியபோது, திரை கறுப்பாக நின்று, பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் வெள்ளைக் கீற்றுகள் குறுக்கே துள்ளின. பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு இது நல்ல சகுனம். படம் வர வேண்டிய வழியில் ஒலி வருகிறது என்பதைத்தான் அந்தக் கீற்றுகள் சொல்கின்றன. ஆகவே பிளேயரும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன, வரிசைதான் மாறியிருக்கிறது.

அடுத்ததாக மல்டிமீட்டரை எடுத்து, தொடர்பு இருந்தால் ‘பீப்’ ஒலி எழுப்பும் நிலையில் வைத்தேன். முதலில் கேபிளை மட்டும் சோதித்தேன். 3.5 மில்லிமீட்டர் பின்னின் கூர்முனை வெள்ளைப் பின்னின் நடுக்கம்பியோடும், முதல் வளையம் மஞ்சளின் நடுக்கம்பியோடும், கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதி சிவப்பின் நடுக்கம்பியோடும் சேர்ந்திருந்தன. மூன்று ஆர்.சி.ஏ. பின்களின் வெளி உலோகமும் ஒன்றாகி இரண்டாம் வளையத்துக்குப் போயிற்று. அதுவே தரை, அதாவது எர்த் இணைப்பு. கேம்கார்டர்களுக்காகப் பரவலாக விற்கப்பட்ட கேபிள்களில் காணப்படும் வரிசை இது.

பிறகு பிளேயரின் பக்கம். சாதனத்தை அணைத்து, கேபிளை அதில் செருகி, மீட்டரின் ஒரு முனையைப் பிளேயரின் யு.எஸ்.பி. துளையின் உலோக ஓரத்திலும் மறுமுனையை ஆர்.சி.ஏ. பின்னின் வெளி உலோகத்திலும் வைத்தேன். பீப் ஒலி வந்தது. யு.எஸ்.பி. துளையின் உறை பெரும்பாலும் சாதனத்தின் தரையோடு சேர்ந்திருக்கும் என்பதால், இந்தப் பிளேயரிலும் இரண்டாம் வளையமே தரை என்பது இதனால் உறுதியாயிற்று. இந்த ஒரு சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். தரை இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் இருந்தால், மீதி மூன்று எப்படி மாறியிருந்தாலும் ஆர்.சி.ஏ. பின்களை இடம் மாற்றிச் செருகியே சமாளித்துவிடலாம். தரையே வேறு வளையத்தில் இருந்தால் எத்தனை முறை மாற்றிச் செருகினாலும் தீராது. கேபிளை வெட்டி, வேறு வரிசையில் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும்.

மீதி மூன்றில் எது படம் என்று கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை, காது போதும். தொலைக்காட்சியின் ஒலி அளவை நன்றாகக் குறைத்துவிட்டு, பிளேயரில் ஒரு பதிவை ஓடவிட்டு, டி.வி. அவுட்டை இயக்கி, மூன்று பின்களையும் ஒன்றன்பின் ஒன்றாக டி.வி.யின் வெள்ளைத் துளையில் செருகிப் பார்த்தேன். வெள்ளைப் பின்னில் பாட்டு வந்தது. மஞ்சள் பின்னிலும் பாட்டு வந்தது. சிவப்புப் பின்னைச் செருகியதும் ‘டர்ர்ர்’ என்ற முரட்டு இரைச்சல் எழுந்தது. ஒரு நொடிக்கு 50 அல்லது 60 முறை திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் கட்டளைத் துடிப்புகள் ஒலிபெருக்கிக்குள் போனால் கேட்கும் சத்தம் அது. எனவே படம் வருவது சிவப்புப் பின்னில். இந்தச் சோதனையால் எதுவும் கெடாது. படக்குறிப்பலையின் அளவு உச்சத்திலிருந்து அடிவரை 1 வோல்ட் மட்டுமே, ஒலித் துளை அதைத் தாங்கும்.

ஆக, இந்தப் பிளேயரின் வரிசை: கூர்முனையில் இடது ஒலி, முதல் வளையத்தில் வலது ஒலி, இரண்டாம் வளையத்தில் தரை, அடிப்பகுதியில் படம். கேம்கார்டர் கேபிளோடு ஒப்பிட்டால் படமும் வலது ஒலியும் இடம் மாறி நிற்கின்றன. இது தயாரிப்பாளரின் கிறுக்குத்தனம் அன்று, காரணத்தோடு செய்தது. ஒரே துளையில் சாதாரண இயர்போனையும் செருக வேண்டும். இயர்போன் பின்னில் மூன்று பகுதிகள்தான் உண்டு. கூர்முனை, ஒரு வளையம், நீண்ட அடிப்பகுதி. அது நான்கு தொடுமுனைகள் உள்ள துளைக்குள் போகும்போது, அதன் நீண்ட அடிப்பகுதி துளையின் கடைசி இரண்டு தொடுமுனைகளையும் ஒருசேரத் தொட்டுவிடும். படம் கடைசியிலும் தரை அதற்கு முந்தியும் இருந்தால், இயர்போன் செருகும்போது படவழி தரையோடு சேர்ந்து வெறுமனே அடங்கிவிடும். அதன் பாதையில் 75 ஓம் தடை இருப்பதால் சேதமும் இல்லை. இடதும் வலதும் வழக்கம்போல் காதுக்குப் போகும். கேம்கார்டர் வரிசையில் வைத்திருந்தாலோ ஒரு காதில் பாட்டும் மறு காதில் இரைச்சலும் கேட்டிருக்கும். 2014இல் வெளிவந்த ராஸ்பெரி பை பி பிளஸ் என்ற சிறு கணினிப் பலகையின் நான்கு பகுதித் துளையிலும் இதே வரிசைதான். ஆகவே ராஸ்பெரி பைக்கு என்று விற்கப்படும் ஏ.வி. கேபிள் கிடைத்தால் இவ்வகைப் பிளேயருக்கு நிறம் மாற்றாமலே பொருந்தும். ஆனால் எல்லாச் சாதனங்களும் இப்படி எளிதில் வசப்படுவதில்லை. 2005இல் வந்த வீடியோ ஐபாட் இயர்போன் துளை வழியாகவே படத்தை அனுப்பியது. 2007இல் வந்த ஐபாட் கிளாசிக்கில் அந்த வழி அடைக்கப்பட்டு, அடியிலுள்ள அகன்ற இணைப்பான் மூலம், அங்கீகாரச் சில்லு கொண்ட கேபிளுக்கு மட்டுமே படம் கிடைக்கும்படி செய்யப்பட்டது. அத்தகைய சாதனத்தை வைத்துக்கொண்டு வளையங்களை ஆராய்வதில் பயனில்லை.

அப்புச்சி வீட்டு டி.வி.யின் பின்பக்க ஏ.வி. துளைகளைக் கேபிள் செட்டாப் பாக்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் உள்ள இரண்டாவது இணைப்பு இருந்தது. சிவப்பு இல்லை, அதாவது ஒற்றை ஒலி. கேபிளின் சிவப்பை டி.வி.யின் மஞ்சளிலும், வெள்ளையை வெள்ளையிலும் செருகினேன். வலது ஒலி வரும் மஞ்சள் பின் வேலையின்றித் தொங்கியதால் அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். எங்கள் பதிவுகளில் இரு பக்கமும் ஒரே ஒலிதான் என்பதால் எதையும் இழக்கவில்லை. இடப்பக்கம் ஒரு வாத்தியம், வலப்பக்கம் வேறொரு வாத்தியம் என்று பிரித்துப் பதிந்த பாட்டுகளைப் போடுபவர்கள், இரண்டு கம்பிகளையும் நேரே முறுக்கி ஒன்றாக்காமல், ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்துப் பிறகு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேயரின் இரு ஒலிப்பெருக்கிச் சுற்றுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும்.

ரிமோட்டில் ஏ.வி. 2 வைத்ததும் படம் வந்தது, நிறம் வரவில்லை. டி.வி. கெட்டுவிட்டது என்றோ கேபிள் மட்டம் என்றோ பலர் முடிவுகட்டும் இடம் இதுதான். பிளேயர் என்.டி.எஸ்.சி. என்ற வண்ணப்பட முறையில் அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தியா பின்பற்றிய முறை பி.ஏ.எல்.; 1982இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதும் இந்த முறையில்தான். பி.ஏ.எல். படத்தில் 625 வரிகளும் நொடிக்கு 25 சட்டங்களும் (ஃபிரேம்களும்) உண்டு. நிறத்தைச் சுமக்கும் துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். என்.டி.எஸ்.சி.யில் 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள், நிறம் 3.58 மெகாஹெர்ட்ஸில். நம்முடைய டி.வி. 4.43இல் நிறத்தைத் தேடி, அங்கே ஒன்றுமில்லாததால் நிறத்தை விட்டுவிட்டு, வெளிச்சத்தை மட்டும் காட்டுகிறது. இன்னும் பழைய பெட்டியாக இருந்தால், நொடிக்கு 50 முறை என்று பழகிய அதன் சுற்று 60க்கு ஈடுகொடுக்க முடியாமல், படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும்.

பிளேயரின் மெனுவில் டி.வி. முறையை மாற்றும் இடம் இருக்கும், தேட வேண்டும். இந்தச் சாதனத்தில் டி.வி. அவுட்டை இயக்கியவுடன் அதன் சொந்தத் திரை அணைந்துவிடுவதால், கறுப்புவெள்ளையாகத் தெரியும் டி.வி. திரையிலேயே மெனுவைப் படித்து மாற்றினேன். படம் உருளும் பெட்டி வைத்திருப்பவர்கள், டி.வி. அவுட்டை இயக்குவதற்கு முன்பே முறையை மாற்றிக்கொள்வது நல்லது. கண்ணைக் கட்டிக்கொண்டு பொத்தான் அழுத்தும் வேலை மிச்சமாகும். மின்கலம் முழுவதும் தீர்ந்துபோனால் பிளேயர் பழையபடி என்.டி.எஸ்.சி.க்கே திரும்பிவிடுகிறது என்பதையும் பின்னர் கவனித்தேன். நிறத்துக்காக மட்டும் பி.ஏ.எல். வைக்கச் சொல்லவில்லை. இங்கே கேம்கார்டரில் பிடித்த பதிவுகள் நொடிக்கு 25 சட்டங்கள் கொண்டவை; அவற்றை 30ஆக வெளியிட்டால் சில சட்டங்கள் இரட்டித்து, ஆட்டக்காரர் சுழலும்போது அசைவு தட்டித் தட்டிப் போகும். 25ஐ 25ஆகவே விட்டால் அந்தத் தடங்கல் இல்லை.

படத்தின் வடிவத்திலும் ஒரு குறை இருந்தது. பிளேயரின் திரை அகலமானது, படக்குழாய் டி.வி. 4க்கு 3 என்ற விகிதம். முழுத்திரை என்று விட்டால் ஆட்கள் ஒல்லியாக நெடுத்துத் தெரிந்தனர். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும் தேர்வை வைத்ததும் உருவங்கள் ஒழுங்காயின. படக்குழாய் டி.வி.க்கள் படத்தின் நான்கு ஓரங்களையும் சிறிது வெட்டியே காட்டும். கறுப்புப் பட்டை வைத்தால் மேல்கீழ் இழப்பு அந்தப் பட்டையிலேயே போய்விடுவதால் அதுவும் ஓரளவு சரியாகிறது. மெனு எழுத்துகளின் மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்குவதைச் சரிசெய்ய வழியில்லை, அவசியமும் இல்லை: ஒரு வரி மட்டுமே தடிமனுள்ள கோடு, ஒன்றுவிட்டு ஒரு வரியாக வரையும் இம்முறையில் நொடிக்கு 25 முறைதான் தெரியும், ஆகவே துடிக்கும். ஓடும் படத்தில் அது கண்ணில் படுவதில்லை.

ஒலி அளவைப் பொறுத்தவரை, பிளேயரை முக்கால் பங்கில் வைத்து மீதியை டி.வி.யில் ஏற்றிக்கொள்வதே சரி. இயர்போனை ஓட்டும் அளவுக்கு வலுவுள்ள வெளியீட்டை உச்சத்தில் வைத்தால் மத்தளம் தாங்கிக்கொள்கிறது. ஆனால் கைத்தாளமான இலத்தாளத்தின் ஓசை சிதறிப்போய்த் தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது. மிகக் குறைத்தாலோ டி.வி.யின் சொந்த இரைச்சல் மேலெழும். பிளேயரில் ‘பாஸ்’, ‘ராக்’ என்று எது இயக்கத்தில் இருந்தாலும் அதை நிறுத்திவிட வேண்டும்; சிறிய இயர்போனின் குறையை மறைப்பதற்காக வைத்த அந்த ஒப்பனை, டி.வி. ஒலிபெருக்கியில் பேச்சை மூடிவிடுகிறது.

அதன்பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. பிளேயரின் மின்கலம் வயதானது; டி.வி. அவுட் இயங்கும்போது அரைமணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. பொறாட்டு நாடகமோ ஒரு பகுதியே அதைவிட நீளும். சார்ஜரைச் செருகிக்கொண்டு ஓட்டினால், பாட்டின் அடியில் ஓயாத ரீங்காரம் ஒன்று சேர்ந்துகொண்டது; திரையில் மங்கலான இரண்டு பட்டைகள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அப்புச்சி கேட்டது ஒலியைத்தான் என்பதால் இதை அப்படியே விட முடியவில்லை.

சார்ஜரைப் பிடுங்கினால் ரீங்காரம் நின்றது. சார்ஜர் இருக்கும்போதே செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றினாலும் பெரும்பகுதி அடங்கியது. இரண்டும் ஒருசேர இருந்தால்தான் தொல்லை. காரணம் இப்படிப் போகிறது. இரண்டு முள் மட்டும் உள்ள சிறிய சார்ஜர்களில் எர்த் முள் கிடையாது. அவற்றின் உள்ளே, ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காக, மின்சாரப் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறு கெப்பாசிட்டர் வைக்கப்பட்டிருக்கும். அதன் வழியாக மிக நுண்ணிய மின்னோட்டம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். சார்ஜரில் இருக்கும் பிளேயரின் உலோக முதுகைப் புறங்கையால் தடவினால் மெல்லச் சுரசுரப்பதும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான். கம்பத்திலிருந்து வரும் கேபிள் டி.வி. வயரின் வெளிச்சுற்று வேறொரு மட்டத்தில், வேறெங்கோ தரையோடு சேர்ந்திருக்கிறது. பிளேயரை ஏ.வி. கேபிளால் டி.வி.யோடு கட்டியதும், கசியும் மின்னோட்டத்துக்கு அந்தக் கேபிளின் தரைக்கம்பியே பாதையாகிவிடுகிறது. மலிவான கேபிளில் தரைக்கம்பி மயிரிழையளவு மெல்லியது; அதன் தடையில் விழும் சிறு அழுத்தம் பாட்டோடு கூடிக்கொள்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது திருத்தப்பட்ட பிறகு எழும் துடிப்பு 100 ஹெர்ட்ஸ், பி.ஏ.எல். படமும் நொடிக்கு 50 முறை வரையப்படுகிறது. அதனால் ஒரு திரைக்கு இரண்டு பட்டைகள் தெரிகின்றன. மின்வாரியத்தின் 50க்கும் பிளேயரின் 50க்கும் உள்ள நூலளவு வித்தியாசத்தால் அவை நிற்காமல் நகர்கின்றன.

இதற்குச் சிலர் சொல்லும் மருந்து, டி.வி.யின் எர்த் முள்ளைக் கழற்றிவிடுவது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ரீங்காரம் குறையலாம், ஆனால் பெட்டிக்குள் ஒரு கோளாறு நேர்ந்தால் மனிதர் கைதான் எர்த்தாகும். நான் இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, பிளேயருக்குச் சார்ஜருக்குப் பதிலாகப் பவர் பேங்க் வைத்தேன். அது சுவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் 5 வோல்ட் கொடுப்பதால் கசிவு மின்னோட்டத்துக்கு வழியே இல்லை. ரீங்காரமும் பட்டைகளும் அந்த நொடியே மறைந்தன. பவர் பேங்கையே சார்ஜரில் போட்டுக்கொண்டு பயன்படுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும் என்பதை மட்டும் வீட்டாரிடம் சொல்லி வைத்தேன். சில பவர் பேங்குகள் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் சாதனத்தைப் பார்த்தால் தாமே அணைந்துவிடும். படம் ஓடிக்கொண்டிருக்கும் பிளேயர் போதுமான அளவு எடுப்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

இரண்டாவது, கேபிளையே புதிதாகச் செய்தேன். டி.வி. உயரமான பலகையில் இருந்ததால் கடைக் கேபிள் எட்டாமல் பிளேயர் அந்தரத்தில் தொங்க வேண்டியிருந்தது. எப்படியும் நீளமான ஒன்று தேவைப்பட்டது. படத்துக்கு 75 ஓம் கொண்ட மெல்லிய கோஆக்சியல் வயரையும், ஒலிக்கு மைக் செட்டுக்காரர்கள் பயன்படுத்தும் உறையிட்ட வயரையும் எடுத்துக்கொண்டேன். படவழி முழுவதும் 75 ஓம் என்று வகுக்கப்பட்டது. பிளேயருக்குள் 75, வயர் 75, டி.வி.க்குள் 75. சாதாரண ஒலி வயரில் படத்தை அனுப்பினால் ஓரிரு மீட்டருக்குத் தெரியாது. நீளம் கூடினால் விளிம்புகள் மங்கி நிழல் தட்டும். வீட்டுக்கு வரும் கேபிள் டி.வி. வயரும் 75 ஓம்தான் என்றாலும் அது விறைப்பானது; பிளேயரின் சிறிய துளையை நெம்பிக் கெடுத்துவிடும்.

நான்கு பகுதிப் பின்னில் பற்றவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பகுதிகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் வளையங்கள் சூட்டில் இளகி, பின் கோணிக்கொள்ளும். பிறகு எங்கும் செருக முடியாது. பழுதான ரேடியோ எதிலிருந்தாவது எடுத்த 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றுக்குள் பின்னைச் செருகிவைத்துக்கொண்டு சால்டரிங் செய்தால், பிளாஸ்டிக் இளகினாலும் வடிவம் மாறாது, சூடும் துளையின் உலோகத்துக்குப் பகிர்ந்துவிடும். வயர் நுனிகளிலும் பின்னின் தகடுகளிலும் முன்கூட்டியே ஈயம் ஏற்றிவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு தொடுதலில் முடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தரைக்கு இரண்டு வயர்களின் வெளிச்சுற்றுகளையும் முறுக்கி ஒரே தகட்டில் வைத்தேன். பிளேயரின் வரிசைக்கு ஏற்பவே பற்றவைத்ததால், இந்தக் கேபிளில் மஞ்சள் மஞ்சளுக்கே போகிறது. மூடியைத் திருகுவதற்கு முன், எந்த இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதை மீட்டரால் பார்த்துக்கொண்டேன். தடித்த தரைக்கம்பியின் பலன் உடனே தெரிந்தது: பவர் பேங்க் இல்லாமல் சார்ஜரில் ஓட்டினாலும் இப்போது ரீங்காரம் காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்கிறது.

இதைப் பார்த்துவிட்டு மாமா தம் பொள்ளாச்சி வீட்டு 32 அங்குல எல்.இ.டி. டி.வி.யிலும் இணைக்கச் சொன்னார். அதில் ஆர்.சி.ஏ. துளைகளே இல்லை, ஏ.வி. உள்ளீட்டுக்கு ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் துளை, அதோடு வந்த சிறு கேபிள் எப்போதோ தொலைந்துவிட்டது. இரு பக்கமும் ஒரே அளவுத் துளை என்பதால் இரு முனையிலும் பின் உள்ள வயர் ஒன்றை நேராகச் செருகத் தோன்றும். வரிசை ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. டி.வி.யின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, நான்கு வயர் பற்றவைத்த பின்னை அதில் செருகி மீட்டரால் அளந்தேன். எச்.டி.எம்.ஐ. துளையின் உலோக உறையோடு பீப் ஒலித்தது இரண்டாம் வளையம், அது தரை. தரையிலிருந்து மற்ற மூன்றுக்கும் ஓம் அளந்தபோது முதல் வளையம் 75க்கு மிக அருகில் காட்டியது, மற்ற இரண்டும் கிலோ ஓம் கணக்கில் காட்டின. படவழியின் நுழைவாயிலில் 75 ஓம் ரெசிஸ்டர் வைக்கும் வழக்கம் இருப்பதால், குறைந்த தடை காட்டும் தொடுமுனையே படத்துக்கு உரியது. பிளேயரின் அடிப்பகுதியை டி.வி.யின் முதல் வளையத்தோடும், பிளேயரின் முதல் வளையத்தை டி.வி.யின் அடிப்பகுதியோடும் குறுக்காகச் சேர்த்துச் செய்த வயர் முதல் செருகலிலேயே வேலை செய்தது.

வேறு சில எல்.இ.டி. டி.வி.க்களில் மஞ்சள் துளைக்குப் பதிலாகப் பச்சை வளையமிட்ட துளை இருக்கும். படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் இணைப்பின் பச்சையும் ஏ.வி.யின் மஞ்சளும் அதையே பகிர்ந்துகொள்ளும். மஞ்சள் பின்னைப் பச்சையில் செருகி, மெனுவில் காம்பொனென்ட் என்பதற்குப் பதிலாக ஏ.வி. என்று தேர்ந்தெடுக்க வேண்டும். காம்பொனென்டிலேயே விட்டுவிட்டால் இங்கும் நிறமற்ற படமே வரும், அதைப் பி.ஏ.எல். சிக்கல் என்று எண்ணிப் பிளேயரின் மெனுவில் தேடுவது வீண்.

உண்மையைச் சொன்னால், எல்.இ.டி. டி.வி.யில் யு.எஸ்.பி. துளை இருக்கும்போது ஏ.வி. வயரில் மெனக்கெடுவது அவ்வளவு புத்திசாலித்தனம் அன்று. பிளேயரை யு.எஸ்.பி. வயரால் இணைத்தால் டி.வி. அதைப் பென் டிரைவ் போல எடுத்துக்கொண்டு, கோப்புகளைத் தானே ஓட்டிவிடும்; 480க்கு 272 படம் ஒருமுறை அனலாக் அலையாகி மறுபடி எண்ணாக மாறும் தேய்மானமும் இல்லை. பிளேயரின் மெனுவில் எம்.டி.பி. என்றும் மாஸ் ஸ்டோரேஜ் என்றும் இரண்டு முறைகள் இருந்தால் இரண்டாவதை வைக்க வேண்டும், பெரும்பாலான டி.வி.க்களுக்கு முதலாவது புரியாது. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய பிளேயர்களுக்கு யு.எஸ்.பி. 2.0 துளை தரும் 500 மில்லியாம்பியர் சில வேளை பற்றாமல் ‘டிக், டிக்’ என்று நின்று நின்று தொடங்கும். மலிவான பிளேயர்களுக்கென்றே மாற்றப்பட்ட ஏ.எம்.வி. வகைக் கோப்புகளை டி.வி.க்கள் பொதுவாக ஏற்பதில்லை, எங்களுடையவை ஏ.வி.ஐ. என்பதால் ஓடின. மாமாவின் டி.வி.க்கு இறுதியில் அத்தனைக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரே பிரதியும் வயதான பிளேயரிலேயே இருந்ததை நினைத்தால், நகலெடுப்பதை முதல் வேலையாகவே வைத்துக்கொள்ளலாம்.

எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே உள்ள டி.வி. வைத்திருப்பவர்களுக்குக் கடைகளில் ஒரு சிறு மாற்றுப் பெட்டி கிடைக்கும். ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் இரண்டு வகைகள் உண்டு: ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது ஒன்று, எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்குவது மற்றொன்று. இரண்டும் ஒருவழிப் பாதைகளே. நமக்கு வேண்டியது முதலாவது. அதில் மூன்று ஆர்.சி.ஏ. துளைகளுக்கு அருகில் ‘இன்’ என்றும் எச்.டி.எம்.ஐ. துளைக்கு அருகில் ‘அவுட்’ என்றும் பொறித்திருக்க வேண்டும். அது இயங்கத் தனியாக 5 வோல்ட் கேட்கும். அதை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே கொடுத்துவிட்டால், இன்னொரு இரண்டு முள் சார்ஜரைக் கொண்டுவந்து ரீங்காரத்தை மறுபடி வரவழைக்க வேண்டியதில்லை.